ஆவணமில்லாச் சீரியல் கருவிகளுடன் யு.எஸ்.பி. வழித் தொடர்பு

கணினியுடன் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வசதியைப் பெற்றிருந்தும், அந்தப் பரிமாற்றம் எந்த வேகத்தில் நிகழ்கிறது, அனுப்பப்படும் பைட்டுகளுக்கு என்ன பொருள், எந்தக் கட்டளைக்கு எந்த விடை வரும் என்பவற்றைத் தயாரிப்பாளர் எழுத்தில் வெளியிடாத மின்னணுக் கருவி ஆவணமில்லாச் சீரியல் கருவி எனப்படும். சீரியல் அல்லது தொடர்முறைப் பரிமாற்றம் என்பது தரவின் மிகச் சிறிய அலகான பிட்டுகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறையாகும். இன்றைய கணினிகளில் பழைய சீரியல் துளை பெரும்பாலும் இல்லாததால், இத்தகைய கருவிகள் யு.எஸ்.பி. இணைப்பின் வழியாகவே கணினியை அடைகின்றன. அவற்றின் மொழியைக் கேட்டறிந்து, பிரித்துணர்ந்து, எழுதி வைக்கும் பணி மின்னணுவியலில் எதிர்நிலைப் பொறியியல் எனப்படும் துறையின் ஒரு கிளையாகும்.

பயன்பாட்டுச் சூழல்

எடுத்துக்காட்டாக, கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள புதுக்கடைப் பேரூராட்சியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் மீன்பிடி, முந்திரி, ரப்பர், தென்னை ஆகியவற்றைச் சார்ந்தவை. இத்தொழில்களில் சீரியல் வழியாகத் தரவு தரக்கூடிய கருவிகள் பல வகையாகப் பயன்படுகின்றன. அருகிலுள்ள தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தையும் தூத்தூர் வட்டாரத்தையும் சார்ந்த ஆழ்கடல் படகுகளில் இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும், ஒலியலையால் கடலின் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரும் இடம்பெறுகின்றன. முந்திரியும் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கைமாறும் இடங்களில் எலக்ட்ரானிக் தராசுகளும், சரக்கு வண்டிகளை நிறுக்கும் எடைமேடைகளும் உள்ளன. மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக நீளும் காற்றாலைப் பகுதியில் மின்னளவிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தரவைக் கம்பிவழி அனுப்புகின்றன.

இக்கருவிகளில் சில பொதுத்தரத்தைப் பின்பற்றுகின்றன. சில தயாரிப்பாளரின் தனி மொழியில் பேசுகின்றன. இன்னும் சில, பொதுத்தரத்தைப் பின்பற்றினாலும் அதைக் கையேட்டில் குறிப்பிடுவதில்லை. தராசு காட்டும் எடையைக் கையால் எழுதாமல் நேரே கணக்கு மென்பொருளில் சேர்ப்பதற்கோ, தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கருவியைப் புதிய கணினியில் இயக்குவதற்கோ இந்த மொழியை அறிவது தேவையாகிறது.

சீரியல் முறையின் அடிப்படை

சீரியல் பரிமாற்றத்தின் வேர் தந்தித் தொழில்நுட்பத்தில் உள்ளது. வேகத்தைக் குறிக்கும் பாட் என்னும் அலகு, பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போடோவின் பெயரால் அமைந்தது. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960இல் ஆர்.எஸ்.-232 என்னும் தரத்தை வெளியிட்டது. அதன் 1969ஆம் ஆண்டுத் திருத்தமான ஆர்.எஸ்.-232-சி நீண்டகாலம் வழக்கில் இருந்தது. இதில் அனுப்பும் முனை 5 முதல் 15 வோல்ட் வரையிலான நேர், எதிர் மின்னழுத்தங்களைத் தருகிறது. பெறும் முனை 3 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் அழுத்தத்தை 0 என்றும், அதே அளவு எதிர் அழுத்தத்தை 1 என்றும் கொள்கிறது. கருவியின் உள்ளிருக்கும் சில்லுகளோ 0 வோல்ட்டை 0 ஆகவும், 3.3 அல்லது 5 வோல்ட்டை 1 ஆகவும் கொள்கின்றன. ஆர்.எஸ்.-485 எனப்படும் மற்றொரு தரம் இரு கம்பிகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டைக் கொண்டு இயங்குவதால் ஏறத்தாழ 1,200 மீட்டர் தொலைவு வரை செல்கிறது. ஆலைகளிலும் காற்றாலைகளிலும் இதுவே பெரிதும் விரும்பப்படுகிறது.

கடிகாரக் கம்பி இல்லாத இம்முறையில் அனுப்புபவரும் பெறுபவரும் சில அளவுகளை முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பி ஓய்வாக இருக்கும்போது 1 என்னும் நிலையில் நிற்கும். ஒரு தொடக்க பிட் அதை 0 ஆக்கும். பின்னர் 7 அல்லது 8 தரவு பிட்டுகள் சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசையில் வரும். பிழையைக் கண்டறிய உதவும் பாரிட்டி பிட் இருந்தால் அது அடுத்து வரும். இறுதியில் ஒன்று அல்லது இரண்டு நிறுத்த பிட்டுகள் அமையும். மிகப் பரவலான அமைப்பு, 8 தரவு பிட்டுகளும் ஒரு நிறுத்த பிட்டும் கொண்டு, பாரிட்டி இல்லாமல் அமைவதாகும். இதில் ஒரு பைட்டுக்கு 10 பிட்டுகள் செலவாவதால், 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்டுகள் வரை அனுப்ப இயலும்.

யு.எஸ்.பி.யும் மாற்றிச் சில்லுகளும்

யு.எஸ்.பி. தரத்தின் முதல் பதிப்பு ஜனவரி 1996இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் குஜராத் மாநிலம் வதோதராவில் பயின்ற அஜய் பட் முதன்மைப் பங்கு வகித்தார். யு.எஸ்.பி.யும் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதே எனினும், அதன் இயல்பு பழைய சீரியல் முறையிலிருந்து முற்றிலும் வேறானது. இதில் கணினியே தலைமை வகிக்கிறது. கணினி கேட்காமல் கருவி எதையும் அனுப்ப இயலாது. செருகப்பட்டவுடன் ஒவ்வொரு கருவியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்விரு முறைகளையும் இணைப்பது மாற்றிச் சில்லு ஆகும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்.டி.டி.ஐ., தைவானைச் சேர்ந்த புரொலிஃபிக், அமெரிக்காவைச் சேர்ந்த சிலிக்கான் லேப்ஸ், சீனாவின் நான்ஜிங் நகரைச் சேர்ந்த டபிள்யூ.சி.எச். ஆகிய நிறுவனங்களின் சில்லுகள் பரவலாகக் காணப்படுபவை. மாற்றிச் சில்லு தனிக் கம்பியின் தலைப்பிலும் இருக்கலாம். கருவியின் உட்பலகையிலேயே பொருத்தப்பட்டும் இருக்கலாம். மூன்றாவதாக, கருவியின் மையச் சில்லே யு.எஸ்.பி. மொழியை நேராகப் பேசி, தொடர்புக் கருவி வகுப்பு எனப்படும் பொதுத்தரத்தின்படி சீரியல் துளை போல நடிப்பதும் உண்டு. இந்த மூன்றாம் வகையில் உண்மையான சீரியல் கம்பி எங்கும் இல்லாததால், கணினியில் எந்தப் பாட் வேகத்தைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் வேறுபாடு தெரிவதில்லை.

போலிச் சில்லுகளும் சந்தையில் மலிந்துள்ளன. 2014இல் எஃப்.டி.டி.ஐ. வெளியிட்ட விண்டோஸ் இயக்கி மென்பொருள், அந்நிறுவனத்தின் சில்லுகளைப் போலச் செய்யப்பட்டவற்றின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. கடும் எதிர்ப்பு எழவே அது திரும்பப் பெறப்பட்டது. நல்ல நிலையில் இருக்கும் கருவி ஒரு கணினியில் இயங்கி மற்றொன்றில் இயங்காமல் போனால், கருவியின் மொழியை ஐயுறுவதற்கு முன் மாற்றிச் சில்லையும் அதன் இயக்கியையும் ஐயுறுவது முறையாகும்.

அடையாளம் காணல்

ஆய்வின் முதற்படி, கருவி தன்னைப் பற்றிக் கணினியிடம் கூறும் செய்தியைப் படிப்பதாகும். ஒவ்வொரு யு.எஸ்.பி. கருவியும் நான்கிலக்கப் பதினறும எண்கள் இரண்டைத் தருகிறது. முதலாவது நிறுவனத்தையும் இரண்டாவது பொருளையும் குறிக்கும். 0403, 6001 என்னும் இணை எஃப்.டி.டி.ஐ.யின் சில்லையும், 1ஏ86, 7523 என்னும் இணை டபிள்யூ.சி.எச். நிறுவனத்தின் சி.எச்.340 சில்லையும் சுட்டுகின்றன. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரிலும், லினக்ஸில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் கட்டளையாலும் இவற்றைக் காணலாம். இவ்வெண்கள் பெரும்பாலும் மாற்றிச் சில்லைத்தான் அடையாளம் காட்டுகின்றன, தராசையோ ஜி.பி.எஸ். கருவியையோ காட்டுவதில்லை.

லினக்ஸ் இயங்குதளம், மாற்றிச் சில்லு உள்ள கருவிக்கு டி.டி.ஒய்.யு.எஸ்.பி. என்றும், தொடர்புக் கருவி வகுப்பைச் சேர்ந்ததற்கு டி.டி.ஒய்.ஏ.சி.எம். என்றும் தொடங்கும் பெயரை இடுவதால், கருவி எவ்வகையைச் சேர்ந்தது என்பது பெயரிலிருந்தே விளங்கும். எப்பெயரும் தோன்றாவிடில், கருவி விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்கான மனித இடைமுக வகுப்பைச் சேர்ந்ததாகவோ, தயாரிப்பாளருக்கே உரிய தனி வகுப்பைச் சேர்ந்ததாகவோ இருக்கலாம். அவ்வாறாயின் அது கணினிக்குச் சீரியல் துளையாகத் தெரிவதில்லை என்பதால் ஆய்வு வேறு வழியில் செல்ல வேண்டும்.

மின்பாதுகாப்பும் வேகமும்

கருவியில் யு.எஸ்.பி. துளை இல்லாமல் வேறு துளை மட்டும் இருந்தால், மாற்றியைப் பொருத்துவதற்கு முன் மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளப்பது இன்றியமையாதது. ஓய்வு நிலையில் அனுப்பும் கம்பி எதிர் அழுத்தத்தைக் காட்டினால் அது ஆர்.எஸ்.-232, 3.3 அல்லது 5 வோல்ட்டைக் காட்டினால் அது சில்லுநிலை அழுத்தம். ஆர்.எஸ்.-232 கம்பியை 3.3 வோல்ட் மாற்றியில் நேராக இணைத்தால் மாற்றி எரிந்துபோகக்கூடும். தொடக்கத்தில் கருவியின் அனுப்பும் கம்பியையும் தரைக் கம்பியையும் மட்டும் இணைத்து, பெறும் கம்பியை விட்டுவிடுவது நல்லது. அப்போது கணினி தவறுதலாக எதையும் அனுப்பிக் கருவியின் அமைப்பை மாற்ற வழியில்லை.

வேகத்தை இருவழிகளில் அறியலாம். அலைகாட்டியோ லாஜிக் அனலைசரோ இருந்தால், கம்பியில் தோன்றும் மிகக் குறுகிய துடிப்பின் நீளத்தை அளந்து கணக்கிடலாம்: 208 மைக்ரோநொடி என்றால் 4800 பாட், 104 என்றால் 9600, 26 என்றால் 38400, 8.7 அளவில் இருந்தால் 115200. இக்கருவிகள் இல்லாதபோது வழக்கமான வேகங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதே வழி. வேகம் தவறாக இருந்தால் பொருளற்ற குறிகள் கொட்டும். வேகம் சரியாக இருந்து பாரிட்டியோ தரவு பிட்டுகளின் எண்ணிக்கையோ மட்டும் தவறினால், எண்கள் ஓரளவு ஒழுங்குடன் தோன்றினும் சில எழுத்துகள் மட்டும் சிதையும். 7 தரவு பிட்டும் பாரிட்டியும் கொண்ட தரவை 8 பிட்டாகப் படித்தால் ஏறக்குறையப் பாதி எழுத்துகளில் மேல் பிட் 1 ஆகி நிற்பது இதற்குத் தெளிவான அறிகுறியாகும்.

துளையைத் திறக்கும் செயலே கருவியைப் பாதிப்பதும் உண்டு. கணினி துளையைத் திறக்கும்போது டி.டி.ஆர். எனப்படும் துணைக்கம்பியின் நிலை மாறுவதால், ஆர்டுயினோ போன்ற பலகைகள் மறுதொடக்கம் ஆகின்றன. சில லினக்ஸ் கணினிகளில் மோடம் மேலாளர் என்னும் பின்னணி மென்பொருள், புதிதாகச் செருகப்படும் கருவியை மோடம் என எண்ணித் தானாகவே கட்டளைகளை அனுப்புகிறது. ஆய்வு தொடங்கும்முன் அதை நிறுத்திவைப்பது வழக்கம்.

கேட்டறிதல்

ஆவணமில்லாக் கருவியிடம் பேசுவதற்கு முன் அது பேசுவதைக் கேட்பதே இத்துறையின் அடிப்படை ஒழுங்காகும். விண்டோஸ் கணினிகளுடன் யுனிக்ஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை உருவாக்கிய ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், மொழி தெரியாத பிரெஞ்சு உணவகத்தில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் அவர்களுக்கு வருவதையும் கவனித்தே உணவுப் பெயர்களைக் கற்பதற்கு இம்முறையை ஒப்பிட்டார்.

சில கருவிகள் கேளாமலேயே தரவை இடைவிடாது அனுப்புகின்றன. படகுகளின் ஜி.பி.எஸ்.ஸும் தொடர்வெளியீட்டு நிலையில் வைக்கப்பட்ட தராசும் இவ்வகையின. புட்டி, மினிகாம் போன்ற முனைய மென்பொருள்களால் அவற்றைப் பார்க்கலாம். எனினும் முனையம் அச்சிட இயலாத பைட்டுகளை மறைத்துவிடுவதால், பைட்டுகளைப் பதினறும எண்களாகவும், ஒவ்வொன்றும் வந்த நேரத்துடனும் கோப்பில் பதிவுசெய்வதே நம்பத்தக்கது. பைத்தான் மொழிக்கான பைசீரியல் நூலகம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

கேட்டால் மட்டுமே பேசும் கருவிகளுக்குத் தயாரிப்பாளரின் மென்பொருள் இருந்தால், அதை இயக்கி, கணினிக்கும் கருவிக்கும் இடையே ஓடும் தரவைப் பதிவுசெய்யலாம். விண்டோஸில் யு.எஸ்.பி.பிகேப் என்னும் மென்பொருளும், லினக்ஸில் யு.எஸ்.பி.மான் என்னும் கருவகக் கூறும் இதைச் செய்கின்றன. பதிவுகளை வயர்ஷார்க் மென்பொருளில் படிக்கலாம். தயாரிப்பாளரின் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே உரியதாயின், அதை லினக்ஸின் மேல் இயங்கும் மெய்நிகர் கணினியில் ஓட்டி, வெளியிலிருந்து கவனிப்பதும் வழக்கமான உத்தி.

பதிவைப் படிக்கையில், யு.எஸ்.பி. பொதியின் எல்லையைச் செய்தியின் எல்லை என்று மயங்கக் கூடாது. எஃப்.டி.டி.ஐ. சில்லுகள் இயல்பாக 16 மில்லிநொடி வரை பைட்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்புவதால், ஒரே செய்தி இரு பொதிகளாகப் பிளவுபடலாம். இரு செய்திகள் ஒன்றாக ஒட்டியும் வரலாம். செய்தியின் எல்லையை அதன் உள்ளமைப்பிலிருந்தே கண்டறிய வேண்டும்.

சட்டகத்தைப் பிரித்தறிதல்

ஒரு முழுச் செய்தி சட்டகம் எனப்படும். பெரும்பாலான சட்டகங்களில் தொடக்கக் குறி, முகவரி அல்லது கட்டளை எண், நீளம், தரவு, சரிபார்ப்புத் தொகை, முடிவுக் குறி ஆகியவற்றில் சிலவோ அனைத்துமோ இருக்கும். இவற்றைப் பிரித்தறியும் வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எந்தப் பைட் மாறுகிறது என்று பார்ப்பதாகும். தராசு என்றால் தட்டு காலியாக இருக்கும் நிலை, அறிந்த எடைக்கல் ஒன்று வைத்த நிலை, தட்டு ஆடிக்கொண்டிருக்கும் நிலை, எடை குறைநிலைக்குச் சென்ற நிலை என ஒவ்வொன்றுக்கும் தனிப்பதிவு எடுக்க வேண்டும். எப்போதும் மாறாத பைட்டுகள் எல்லைக் குறிகளாகவும், எடையோடு மாறுபவை தரவாகவும், தட்டு அசையும்போது மட்டும் மாறுவது நிலைப்புக் குறியாகவும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 1.250 கிலோ காட்டும் ஒரு தராசு 2, 48, 49, 50, 53, 48, 54, 13 என்னும் எட்டுப் பைட்டுகளை அனுப்புவதாகக் கொள்ளலாம். ஆஸ்கி எழுத்து அட்டவணையில் 2 என்பது உரைத் தொடக்கக் குறி; 13 என்பது வரி முடிவு; 48 முதல் 57 வரையிலானவை 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள். ஆகவே நடுவிலுள்ள ஐந்து பைட்டுகள் 01250 எனப் படிக்கப்படும். புள்ளி அனுப்பப்படவில்லை என்பதும் தெரிகிறது. எஞ்சிய 54 என்பது 6 என்னும் இலக்கமாகவும் இருக்கலாம். சரிபார்ப்புத் தொகையாகவும் இருக்கலாம். எடை 1.255 ஆகும்போது கடைசி இலக்கம் 48இலிருந்து 53ஆகவும், ஐயத்திற்குரிய பைட் 54இலிருந்து 51ஆகவும் மாறினால் ஐயம் தீர்கிறது. ஐந்து இலக்கப் பைட்டுகளையும் கூட்டினால் முதல் எடைக்கு 248, இரண்டாவதற்கு 253 வரும், இது பொருந்தவில்லை. பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 என்றும் ஒத்திருந்தால் 0 என்றும் கொள்ளும் எக்ஸார் கணக்கைச் செய்தால் முதலாவதற்கு 54, இரண்டாவதற்கு 51 வருகிறது. எனவே அது எக்ஸார் சரிபார்ப்புப் பைட் என்பது உறுதியாகிறது.

எல்லாக் கருவிகளும் எண்களை எழுத்தாக அனுப்புவதில்லை. இரும எண்ணாக அனுப்புபவற்றில் பெரிய பைட் முன்னே வருகிறதா சிறிய பைட் முன்னே வருகிறதா, குறை எண் எவ்வாறு காட்டப்படுகிறது, பத்தால் அல்லது நூறால் பெருக்கி அனுப்பப்படுகிறதா என்பவை ஆராயப்பட வேண்டும். சரிபார்ப்பும் கூட்டல், எக்ஸார் ஆகியவற்றோடு நில்லாமல், சி.ஆர்.சி. எனப்படும் சுழல் மிகைச் சரிபார்ப்பாக அமையலாம். 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டதும் ஆலைக் கருவிகளிலும் மின்னளவிகளிலும் இன்றளவும் வழங்குவதுமான மாட்பஸ் நெறிமுறை 16 பிட் சி.ஆர்.சி.யைப் பயன்படுத்துகிறது. ஆர்.எஸ்.-485 கம்பியில் பேசும் கருவி எதுவாயினும், முதலில் மாட்பஸ்தானா என்று சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வினவுதல்

கேட்டறிதல் போதாதபோது கருவியை வினவ நேர்கிறது. தீங்கு விளைவிக்காத வினாக்களிலிருந்து தொடங்குவது மரபு: வெறும் வரி முடிவு, வினாக்குறி, உதவி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல், மோடம்களுக்குரிய ஏ.டி. என்னும் ஈரெழுத்து, வினவலுக்கென ஆஸ்கி அட்டவணையில் ஒதுக்கப்பட்ட 5 என்னும் பைட் ஆகியவை முதலில் அனுப்பப்படும். ஆய்வகக் கருவிகளாயின், 1987இல் வெளியான ஐ.இ.இ.இ. 488.2 தரம் வகுத்த, கருவியின் பெயரைக் கேட்கும் ஐ.டி.என். கட்டளை பயன்படும். 2005இல் பிட்கீப்பர் என்னும் மூடிய மென்பொருளின் வழங்கி கணினியுடன் இணைந்து உதவிச் சொல்லைத் தட்டியபோது, அது தன் கட்டளைகளின் பட்டியலைத் தானே தந்தது என்று டிரிட்ஜெல் காட்டினார். அது வலையமைப்பு இணைப்பே எனினும், சீரியல் கருவிகளுக்கும் அதே அணுகுமுறை பொருந்தும்.

எல்லாக் கட்டளை எண்களையும் வரிசையாக அனுப்பிப் பார்ப்பது இடர் மிக்கது. தராசின் அளவுத்திருத்தத்தை அழிக்கும் கட்டளையும், கருவியின் உள்மென்பொருளைத் துடைத்துப் புதியதை ஏற்கும் நிலைக்குக் கொண்டுசெல்லும் கட்டளையும் அவற்றுள் இருக்கலாம். மாட்பஸில் 3 என்னும் செயலெண் படிப்பதற்கும் 6 என்னும் செயலெண் எழுதுவதற்கும் உரியவை. இத்தகைய பிரிவு தெளிவாகும்வரை எழுதும் கட்டளைகளைத் தவிர்ப்பதும், ஒரே ஒரு கருவி மட்டும் இருக்கும்போது அதன் மேல் சோதனை செய்யாதிருப்பதும் முறையாகும்.

படகுக் கருவிகளும் என்.எம்.இ.ஏ. 0183 தரமும்

கடற்கரை ஊர்களில் மிகுதியாக எதிர்ப்படும் சீரியல் மொழி, அமெரிக்க தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983இல் வெளியிட்ட என்.எம்.இ.ஏ. 0183 ஆகும். இதன் இயல்பான வேகம் 4800 பாட். தானியங்கிக் கப்பல் அடையாளக் கருவிகளுக்கு 38400. பொதுவாக ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட புலங்களைக் கொண்டு, நட்சத்திரக் குறிக்குப் பின் ஈரிலக்க எக்ஸார் சரிபார்ப்புடன் முடிகிறது. வரியின் உச்ச நீளம் 82 எழுத்துகள். தொடக்கத்தில் வரும் ஈரெழுத்து, பேசும் கருவியைக் குறிக்கிறது: ஜி.பி. என்பது அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸையும், எஸ்.டி. என்பது ஆழமானியையும், ஜி.ஐ. என்பது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நாவிக் அமைப்பையும் சுட்டும்.

இவ்வரிகளைப் படிப்பதில் நேரும் பிழை கடலில் தொலைவாக வெளிப்படுகிறது. அட்சரேகை பாகையும் நிமிடமும் சேர்ந்த எண்ணாக அனுப்பப்படுகிறது. தேங்காப்பட்டணம் ஏறக்குறைய 8 பாகை 14 நிமிட வட அட்சரேகையில் உள்ளதால், கருவி 0814 என்று தொடங்கும் எண்ணைத் தரும். இதை 8.14 பாகை என்று படிப்பவருக்கு இடம் 5.6 கடல்மைல், அதாவது பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே விலகிவிடும். 14ஐ 60ஆல் வகுத்து 8.233 பாகை எனக் கொள்வதே சரி.

இத்தரம் விலைக்கு விற்கப்படும் ஆவணம் என்பதால், இதைப் பற்றிய பொது அறிவின் பெரும்பகுதி கருவிகளைக் கவனித்தவர்களால் திரட்டப்பட்டதாகும். ஜி.பி.எஸ்.டி. என்னும் கட்டற்ற மென்பொருளை வளர்த்தவர்களுள் ஒருவரான எரிக் ரேமண்ட், பொதுவில் கிடைத்த தகவல்களைக் கொண்டே இதற்கான விளக்கத் தொகுப்பை எழுதினார். மேலும், பி என்னும் எழுத்தில் தொடங்கும் வரிகளைத் தயாரிப்பாளர்கள் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இத்தரம் இடந்தருவதால், தரத்தைப் பின்பற்றும் கருவியிலும் ஆவணமில்லாப் பகுதி எஞ்சி நிற்கலாம்.

குறிப்பிடத்தக்க முன்னிகழ்வுகள்

இத்துறையில் உயிர்காப்புடன் தொடர்புடைய எடுத்துக்காட்டு மெட்ட்ரானிக் நிறுவனத்தின் இன்சுலின் பம்பு ஆகும். அப்பம்புடன் கம்பியின்றிப் பேசும் கேர்லிங்க் யு.எஸ்.பி. குச்சியின் மொழியை அமெரிக்காவின் பென் வெஸ்ட் பல ஆண்டுகள் முயன்று பிரித்தறிந்து, அதற்கான மென்பொருளைக் கட்டற்ற முறையில் வெளியிட்டார். 2015இல் டானா லூயிஸும் பிறரும் தொடங்கிய ஓப்பன்ஏ.பி.எஸ். என்னும் தானியங்கி இன்சுலின் திட்டம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. இதற்கு நேர்மாறாக, ஆவணத்துடனேயே பிறந்த இந்தியக் கருவி எக்ஸ்பைஸ் ஆகும். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் பி.பி. அஜித் குமார் முன்னின்று உருவாக்கிய இந்த இயற்பியல் ஆய்வகக் கருவி, யு.எஸ்.பி.-சீரியல் மாற்றிச் சில்லின் வழியாகவே கணினியுடன் பேசுகிறது. அதன் சுற்றுப்படமும் பைத்தான் மூலநிரலும் பொதுவில் கிடைப்பதால், மாணவர்கள் சரியான சீரியல் நெறிமுறை எவ்வாறு அமைகிறது என்பதை அதைக் கொண்டே கற்கலாம்.

சட்டநிலை

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி ஒரு கணினி நிரலைக் கொண்டிருப்பவர், தாமே எழுதும் நிரல் அதனுடன் இணைந்து இயங்குவதற்குத் தேவையானதும் வேறு வழியில் எளிதில் கிடைக்காததுமான தகவலைப் பெறும் செயல்களையும், நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதன் இயக்கத்தைக் கவனித்துச் சோதிப்பதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. எனினும், 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதற்குத் தடை விதிக்கிறது. பிறருக்குச் சொந்தமான கணினியை அவர் ஒப்புதலின்றி அணுகுவது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தவறாகும்.

வணிகத் தராசுகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டமும் பொருந்தும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் முத்திரையிடப்படும் தராசைத் திறப்பதும் அதன் அளவுத்திருத்தத்தை மாற்றுவதும் தண்டனைக்குரியவை. ஆகவே தராசு குறித்த ஆய்வு வெளித்துளையில் வரும் தரவைப் படிப்பதோடு நிற்க வேண்டும்.

ஆவணப்படுத்தல்

ஆய்வின் முடிவில் எழுதப்படும் ஆவணத்தில் கருவியின் மாதிரி எண், உள்மென்பொருள் பதிப்பு, மாற்றிச் சில்லின் அடையாள எண்கள், மின்னழுத்தம், வேகம், பிட் அமைப்பு, சட்டக வரைவு, சரிபார்ப்புக் கணக்கு, கட்டளைப் பட்டியல் ஆகியவையும், மாற்றப்படாத மூலப்பதிவுகள் சிலவும் இடம்பெற வேண்டும். சோதித்து உறுதிசெய்தவை, ஊகித்தவை, இன்னும் விளங்காதவை என மூன்றும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும். ஒரே தயாரிப்பாளரின் அடுத்த பதிப்பில் நெறிமுறை மாறுவது உண்டு என்பதால், எந்தப் பதிப்பில் எது சோதிக்கப்பட்டது என்பது தெளிவாக இருப்பது முக்கியம். கருவியோடு பேசும் நிரல் ஒன்று எழுதப்பட்டுவிட்டதாலேயே ஆய்வு நிறைவடைவதில்லை. அந்த நிரலை எழுதியவரின் துணையின்றி மற்றொருவர் அதே கருவிக்குப் புதிய நிரலை எழுத இயலும்போதுதான் கருவி ஆவணம் பெற்றதாகக் கொள்ளப்படும்.